பனித்தரையில் எதிரும் புதிருமாக: ஸ்கேட்டிங் ஜோடியை வைத்து ஸ்லோ பர்ன் காதல்கதை எழுதுவது எப்படி?

காதல் தொடர்கதைகளில் முதல் தொடுதலுக்காக வாசகர் பத்து அத்தியாயம் பொறுமையாகக் காத்திருப்பார். விரல் பட்டது, நெஞ்சு படபடத்தது என்று எழுதினால் அந்த வாரம் நன்றாகப் போகும். பனித்தரையில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் ஜோடியை வைத்து எழுதும்போது அந்த வழி முதல் நாளே அடைபட்டுவிடும். பயிற்சி தொடங்கிய அன்றைக்கே அவன் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கியாக வேண்டும். முகத்தைப் பார்க்கவே பிடிக்காத ஆளாக இருந்தாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். தொடுவது இங்கே வேலை. அதனால் காதல் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதிக் கதை கையில் இருக்கிறது.

இந்த விளையாட்டை நேரில் பார்த்திராத, ஆனால் பகைவர் இருவர் மெல்ல மெல்லக் காதலர்களாகும் இப்படி ஒரு ஸ்லோ பர்ன் கதை எழுத ஆசைப்படுகிற புதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விளையாட்டைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காதலை எழுத முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவதில் பேர்ஸ், ஐஸ் டான்ஸ் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. புதிதாக எழுதுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

பேர்ஸில் ஆபத்து அதிகம். தலைக்கு மேல் கை நீட்டித் தூக்கும் லிஃப்ட் உண்டு. அவளை மேலே வீசி, அவள் காற்றில் சுழன்று இறங்கும்போது இடுப்பில் பிடிப்பது ட்விஸ்ட். அவன் வீச, அவள் சுழன்று போய்த் தள்ளி ஒற்றைக் காலில் தானே இறங்குவது த்ரோ ஜம்ப். அவன் ஓரிடத்தில் ஊன்றி நிற்க, அவள் அவன் கையை மட்டும் பிடித்தபடி தலை பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்து அவனைச் சுற்றி வருவது டெத் ஸ்பைரல்.

ஐஸ் டான்ஸில் வீசுவதும் இல்லை, பெரிய தாவல்களும் இல்லை. கால் வேலையும் தாளமும் நெருக்கமான பிடிகளும்தான் அங்கே முக்கியம். சாதாரண லிஃப்ட் 7 வினாடியைத் தாண்டினால் புள்ளி போய்விடும்.

உங்கள் கதை பயத்தையும் நம்பிக்கையையும் பற்றியது என்றால் பேர்ஸை எடுங்கள். இசைக்காகவும் ரசனைக்காகவும் முட்டிக்கொள்ளும் இருவர் என்றால் ஐஸ் டான்ஸ் சரி. முதல் கதைக்கு என் வாக்கு பேர்ஸுக்குத்தான். 'இவன் என்னைப் பிடிப்பானா?' என்ற கேள்வி அங்கே தினமும் உண்மையாகவே எழுகிறது. வாசகருக்கும் உடனே புரிந்துவிடும்.

இரண்டாம் படி: பகைக்கு உருப்படியான காரணம் வையுங்கள்

அவன் திமிர் பிடித்தவன், அவள் வாயாடி என்பதெல்லாம் நாலு அத்தியாயம்கூடத் தாங்காது. இந்த விளையாட்டிலேயே பகை பிறக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

முதல் வகை, வேறு வேறு ஜோடிகளில் இருந்து மோதிவிட்டுப் பின்னால் ஒன்றாகச் சேர்பவர்கள். நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது தத்தியானா வொலொசோழர், மக்ஸிம் திரான்கோவ் ஜோடியை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இருவரும் வேறு வேறு நாட்டுக்காக, வேறு வேறு ஜோடியுடன் மோதினார்கள். வொலொசோழர் உக்ரைனுக்காக ஸ்தனிஸ்லாவ் மொரோஸோவுடன் ஆடினார். திரான்கோவ் ரஷ்யாவுக்காக மரியா முகொர்தோவாவுடன் ஆடினார். திரான்கோவ் ஜோடிக்கு 7ஆம் இடம், வொலொசோழர் ஜோடிக்கு 8ஆம் இடம். அந்த வசந்தத்தில் இரண்டு ஜோடிகளும் பிரிய, இவர்கள் ரஷ்யாவுக்காக ஒன்றாகச் சேர்ந்தார்கள். 2014 சோச்சியில் தங்கம் வாங்கினார்கள். 2015இல் திருமணம் செய்துகொண்டார்கள். வொலொசோழரின் பழைய ஜோடி மொரோஸோவ் இவர்களுக்குப் பயிற்சி தருபவர்களில் ஒருவராக ரிங்க் (பனித்தரை) ஓரத்தில் நின்றார் என்பது இன்னொரு விஷயம். ஒரு நாவலாசிரியர் கற்பனையில் வைத்தால் 'இது கொஞ்சம் ஓவர்' என்று நாமே சொல்லியிருப்போம்.

இரண்டாவது வகை, ஒரே கோச்சிடம் பயிலும் எதிரிகள். அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் கனடாவின் டெஸ்ஸா விர்ச்சூ, ஸ்காட் மொயர் ஜோடியும், அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடியும் ஒரே பனித்தரையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். 2010 ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி. 2014இல் அப்படியே தலைகீழ். காலையில் ஒரே கதவு வழியாக உள்ளே வருகிறார்கள், ஒரே கோச்சின் கவனத்தைப் பங்கு போடுகிறார்கள், எதிராளி இன்று எந்த இடத்தில் விழுந்தான் என்று கண்ணெதிரே பார்க்கிறார்கள். உங்கள் நாயகனும் நாயகியும் இப்படி இரு வேறு ஜோடிகளில் இருந்து, பின்னர் ஒன்றாகச் சேர நேர்ந்தால் பகைக்கு வேரும் உண்டு, பரிச்சயமும் உண்டு. அவள் எந்தத் தாவலுக்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடிப்பாள் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவளை வீழ்த்துவதற்காகத் தெரிந்துகொண்ட விஷயம் அது. பின்னால் அவளைக் காப்பாற்ற அதுவே உதவும்.

மூன்றாவது, ஒரே ஜோடிக்குள்ளேயே போட்டி. தனியாக ஆடிப் பதக்கம் வாங்கிப் பழகியவர் ஜோடிக்கு வரும்போது இது நடக்கும். இதை எழுதுவது கடினம். முதல் கதைக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: சீசனின் காலண்டரைச் சுவரில் ஒட்டுங்கள்

ஸ்லோ பர்ன் கதைகள் பெரும்பாலும் நடுவில்தான் தொய்கின்றன. என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் எழுதுபவர் ஒரு மழையையோ காய்ச்சலையோ கொண்டுவருவார். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஸ்கேட்டிங் சீசனே ஒரு கதைக்கோடு.

மார்ச் வாக்கில் உலக சாம்பியன்ஷிப் முடியும். ஜோடிகள் பிரிவதும் புது ஜோடி தேடுவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கோடையில் புது இசை, புது நடன அமைப்பு. ஜூலை 1இல் சீசன் முறைப்படி தொடங்கும். அக்டோபரிலிருந்து கிராண்ட் பிரீ போட்டிகள், டிசம்பரில் அதன் இறுதிப்போட்டி. அப்புறம் தேசிய சாம்பியன்ஷிப். ஜனவரி வாக்கில் ஐரோப்பியர்களுக்கு ஐரோப்பிய சாம்பியன்ஷிப், மற்றவர்களுக்கு நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப். மறுபடி மார்ச். ஒலிம்பிக் ஆண்டில் பிப்ரவரியே உச்சம்.

நாடு மாறும் வீரருக்கு இன்னொரு தடை உண்டு. ஒரு நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்காக ஆட 12 மாதம் காத்திருக்க வேண்டும், பழைய நாட்டின் சம்மதமும் வேண்டும். வொலொசோழரும் திரான்கோவும் 2010 இலையுதிர் காலத்தின் கிராண்ட் பிரீ போட்டிகளில் ஆட முடியாமல் போனது இதனால்தான். ரஷ்யத் தேசியப் போட்டியில் ஆடி வென்றார்கள். 2011இல் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் அவர்களுடைய முதல் பெரிய சர்வதேச மேடை. அதில் நேரே வெள்ளி.

அந்தக் காத்திருப்புக் காலத்தை உங்கள் கதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி இல்லை, கைதட்டல் இல்லை, கேமரா இல்லை. பிடிக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் பயிற்சி மட்டும். பகைவர் இருவரை ஓர் அறையில் பூட்டிவைக்க இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது.

நான்காம் படி: முதல் பயிற்சியை நிதானமாக எழுதுங்கள்

புது ஜோடி சேருமா என்று பார்க்க ஒரு சோதனை ஓட்டம் நடக்கும். ட்ரை-அவுட் என்பார்கள். அங்கே முதல் வேலை லிஃப்ட் கிடையாது. கைகோத்துக்கொண்டு ரிங்கைச் சுற்றிச் சுற்றி வருவதுதான். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இருவரின் முழங்கால் மடிப்பும் ஒத்துப்போகிறதா, ஒருவரின் தள்ளல் நீளமாகவும் மற்றவருடையது குறுகலாகவும் இருக்கிறதா, இருவரும் ஒரே திசையில் சுழல்பவர்களா என்று கோச் பார்ப்பார். பெரும்பாலானவர்கள் இடஞ்சுழியாகச் சுழல்வார்கள். ஒருவர் வலஞ்சுழி என்றால் பெரிய தலைவலி. கண்ணை மூடிக்கொண்டால்கூடப் பொருத்தம் காதுக்குத் தெரிந்துவிடும். ஒத்துப்போகும் ஜோடியின் பிளேடுகள் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்கும்.

இதை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'இரண்டாவது சுற்றிலும் சத்தம் இரண்டாகவே கேட்டது. அவனுடைய பிளேடு பனியை இழுத்து முடிப்பதற்குள் அவள் அடுத்த காலை வைத்துவிட்டாள்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"நீ தூங்கிக்கிட்டே சறுக்குற. நான் என்ன பண்ண?"

கோச் வாயைத் திறக்கவில்லை. இன்னும் சில சுற்றுகள் போயின. ஒரு வளைவில் அவள் முழங்காலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக மடக்கினாள். அவனுக்குக் கையில் தெரிந்தது. எதுவும் சொல்லாமல் அடுத்த தள்ளலில் தன் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தான்.'

இதில் காதல் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒருவருக்காக மற்றவர் இம்மியளவு மாறியிருக்கிறார், அதை இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை. முதல் அத்தியாயத்துக்கு இவ்வளவு போதும். இங்கேயே கண்ணோடு கண் மோதி மின்னல் வெட்டினால் மிச்சக் கதைக்கு என்ன வைத்திருப்பீர்கள்?

ஐந்தாம் படி: தொடுதலுக்குப் பதிலாக எதை வைப்பது?

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் எண்ணிக்கை. புது ஜோடி லிஃப்டுக்குள் நுழையும்போது வாய்விட்டு 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணும். பகையில் இருக்கும்போது அவன் எண்ணுவது அதட்டல் போல இருக்கட்டும். சில அத்தியாயம் கழித்து முணுமுணுப்பாகட்டும். ஒரு நாள் யாருமே எண்ணவில்லை, ஆனாலும் இருவரும் சரியாகக் கிளம்பினார்கள் என்று ஒரு வரி போதும். அவளுடைய மூச்சை வைத்து அவன் கிளம்பிவிட்டான் என்று நீங்கள் விளக்காமலே வாசகர் பிடித்துக்கொள்வார்.

அடுத்தது பார்வை. நடன அமைப்பாளர் 'கண்ணைப் பாருங்கள்' என்று கத்துவார். அவன் அவள் புருவத்தைப் பார்ப்பான். அரங்கில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவன் உண்மையிலேயே கண்ணைப் பார்க்கும் நாள் உங்கள் கதையில் ஒரு பெரிய சம்பவம். சாதாரணக் காதல்கதையில் பார்வை முதலில் வரும், தொடுதல் பின்னால் வரும். இங்கே வரிசை அப்படியே மாறிப்போகிறது. இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாலே போதும், கதை தானாக நகரும்.

மூன்றாவது, கை பேசும் உண்மை. இவர்களால் ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்ல முடியாது. அவள் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதை அவள் பிடியின் தளர்ச்சி சொல்லிவிடும். அவனுக்குத் தோளில் வலி என்பதை லிஃப்டின் உச்சியில் வரும் சிறு நடுக்கம் சொல்லிவிடும். வாயால் சண்டை போட்டுக்கொண்டே உடம்பால் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் இருவர். தெரிந்த விஷயத்தை ஒருவர் எப்போது ஆயுதமாக்குகிறார், எப்போது தெரியாதது போல விட்டுக்கொடுக்கிறார் என்பதை வைத்தே பல அத்தியாயங்களை நகர்த்தலாம்.

கடைசியாக, வேலைக்குத் தேவையில்லாத தொடுதல். பயிற்சி முடிந்து தடுப்பு ஓரம் வந்ததும் கை விட்டுப்போகும். குனிந்து பிளேடுக்கு உறை மாட்டுவார்கள், ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இதைக் கதையின் முதல் பாதி முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டுங்கள். பனிக்கு வெளியே அவர்கள் தொட்டுக்கொள்வதே இல்லை என்பது வாசகர் மனதில் பதியட்டும். அப்புறம் ஒரு நாள் ஜாம்போனி வண்டி பனியை வழித்துக்கொண்டிருக்கும் பத்துப் பதினைந்து நிமிட இடைவேளையில், அவள் விரல்கள் விறைத்து பூட்ஸ் கயிற்றை இறுக்க முடியாமல் தடுமாறும்போது, அவன் கேட்காமல் மண்டியிட்டுக் கயிற்றை வாங்கிக் கட்டட்டும். ஆயிரம் முறை அவளைத் தூக்கியவனின் கை அன்றைக்குத்தான் நடுங்கும். உங்கள் கதையின் முதல் தொடுதல் அது.

ஆறாம் படி: விபத்தைக் குறுக்கு வழியாக்காதீர்கள்

அவள் விழுந்தாள், மயங்கினாள், ஆஸ்பத்திரியில் அவன் அழுதான், காதல் வந்துவிட்டது. இதை எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

2004 அக்டோபரில் பிட்ஸ்பர்கில் நடந்த ஸ்கேட் அமெரிக்கா போட்டியில், லிஃப்டின்போது மக்ஸிம் மரினின் நிலைதடுமாற, தத்தியானா தோத்மியானினா தலைக்கு மேல் உயரத்திலிருந்து பனியில் தலை மோத விழுந்தார். மூளை அதிர்ச்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சில மாதங்களில், 2005 மார்ச்சில், இருவரும் மறுபடி உலக சாம்பியன்கள். 2006 தூரின் ஒலிம்பிக்கில் தங்கம். இங்கே எழுத்தாளர் கவனிக்க வேண்டியவர் தூக்கியவர். விழுந்தவரின் காயம் எல்லோருக்கும் தெரியும். கைதவறியவரின் பயம் மறுபடி தூக்கும் நொடியில்தான் வெளியே வரும்.

எலேனா பெரெஷ்னயா 1996 ஜனவரியில் ரீகாவில் பயிற்சியின்போது, பக்கத்தில் சுழன்ற அப்போதைய ஜோடியின் பிளேடு மண்டையோட்டைத் துளைத்து, மறுபடி பேசப் பழக வேண்டிய நிலைக்குப் போனார். பின்னர் அன்டன் சிகருலிட்ஸேயுடன் சேர்ந்து ஒலிம்பிக்கில் 1998இல் வெள்ளியும் 2002இல் தங்கமும் வென்றார். இப்படிப்பட்ட மீட்சிக்குப் பின்னால் மாதக்கணக்கான சலிப்பான உழைப்பு இருக்கிறது. விபத்தை வைத்தால் அதற்குப் பிறகான முதல் லிஃப்டுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். முதலில் தரையில், மெத்தை விரிப்பின் மேல். பிறகே பனியில்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் நாயகியின் கையை முறுக்கும் நாயகன் நம் இணையக் கதைகளில் நிறைய வருகிறான். இந்தக் கதைக்குள் அவனை விடாதீர்கள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் ஒருவனின் கோபம் என்றால் அவளுக்கு அது உயிராபத்து. கோபம் வந்த நாளில் 'இன்னைக்கு லிஃப்ட் வேண்டாம்' என்று தானே சொல்லிவிட்டுப் பனியை விட்டு இறங்குபவனைக் காட்டுங்கள். வாசகர் அவன்மேல் மதிப்பு வைப்பது அங்கேதான்.

வயதையும் கவனியுங்கள். நிஜத்தில் ஜோடிகள் சிறுவயதிலேயே சேர்க்கப்படுகிறார்கள். எகத்தெரினா கோர்தேயெவாவையும் செர்கெய் கிரின்கோவையும் மாஸ்கோவில் ஜோடி சேர்த்தபோது கோர்தேயெவாவுக்கு 11, கிரின்கோவுக்கு 15. திருமணம் 1991இல்தான். உங்கள் கதையில் காதலின் முதல் இழை தெரியும்போது இருவருமே வளர்ந்தவர்களாக இருக்கட்டும்.

ஏழாம் படி: போட்டி நாளின் உள்விவரம்

பேர்ஸில் குறு நிகழ்ச்சி 2 நிமிடம் 40 வினாடி, மறுநாளோ அதற்கடுத்தோ 4 நிமிட நீள்நிகழ்ச்சி. ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் அடிப்படைப் புள்ளி, அதைச் செய்த தரத்துக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை நடுவர்களின் மதிப்பு, அப்புறம் மொத்த ஆட்டத்தின் கலைநயத்துக்குத் தனிப் புள்ளி. விழுந்தால் ஒரு புள்ளி கழியும். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்பு பெரும் சர்ச்சையாகி இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க நேர்ந்த பிறகு, அதிகபட்சம் 6.0 என்று மதிப்பெண் போட்ட பழைய முறையை ஒழித்துக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இவ்வளவு தெரிந்தால் போதும். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஒவ்வொரு போட்டியின் மதிப்பெண் தாளையும் வெளியிடுகிறது. இரண்டு மூன்றைத் திறந்து, எந்த இடத்தில் புள்ளி போனது என்று பார்த்துவிட்டு அதே ஆட்டத்தின் வீடியோவைப் பாருங்கள். கதைக்கு வேண்டிய சண்டைகள் அந்தத் தாளிலேயே கிடைக்கும்.

ஜெர்மனியின் அல்யோனா சவ்சென்கோ, ப்ரூனோ மாஸோ ஜோடி 2018 ஒலிம்பிக்கில் குறு நிகழ்ச்சி முடிந்தபோது 4ஆம் இடத்தில் இருந்தது. மூன்று சுற்றுத் தாவலை மாஸோ இரண்டோடு முடித்துவிட்டார். சவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், தங்கம் அதுவரை கிட்டியதில்லை. மறுநாள் நீள்நிகழ்ச்சியில் உலக சாதனைப் புள்ளி பெற்று, மொத்தத்தில் 0.43 வித்தியாசத்தில் தங்கம் வென்றார்கள். அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது. தப்பு செய்தவரும், அந்தத் தப்பால் எல்லாவற்றையும் இழக்கக்கூடியவரும் அன்றிரவு என்ன பேசிக்கொள்வார்கள்? உங்கள் ஜோடிக்கு அப்படி ஓர் இரவைக் கொடுங்கள். குறைந்த வசனம், நீண்ட அத்தியாயம்.

ஆட்டம் முடிந்து புள்ளிக்காக உட்காரும் இடத்துக்குப் பெயர் 'கிஸ் அண்ட் கிரை'. கேமரா முகத்துக்கு நேரே இருக்கும். தோற்றாலும் சிரிக்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும். பகைக் காலத்தில் அந்தக் கட்டிப்பிடிப்பு வெறும் நடிப்பு. காதல் வந்த பிறகு, நடிப்பாகத் தெரியட்டுமே என்று அவர்கள் தவிப்பார்கள்.

எட்டாம் படி: எப்போது சொல்வது?

ஊரே இவர்களைக் காதலர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் கலைநயத்துக்கு எல்லா நடுவரிடமும் 6.0 வாங்கிய ஜேன் டார்வில், கிறிஸ்டஃபர் டீன் ஜோடியையும் அப்படித்தான் நினைத்தார்கள். விர்ச்சூ, மொயரையும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் நினைத்தார்கள். இரு ஜோடிகளுமே மணந்துகொண்டது வேறு வேறு ஆட்களை. அதனால் 'நீங்க ரெண்டு பேரும்...?' என்ற நிருபரின் கேள்வியை மூன்று முறை வையுங்கள். முதல் முறை இருவரும் வாய்விட்டுச் சிரிக்கட்டும். இரண்டாம் முறை ஒருவர் மட்டும் சிரிக்கட்டும். மூன்றாம் முறை கேள்வி வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து நிறுத்தட்டும்.

பனித்தரையிலேயே காதலைச் சொல்ல வைப்பது செயற்கையாக இருக்குமே என்று தோன்றலாம். சீனாவின் ஷென் ஷுயே, ஜாவ் ஹொங்போ 1992இல் ஜோடி சேர்ந்தவர்கள். 2007இல் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பை வென்ற கையோடு ஜாவ் பனியிலேயே மண்டியிட்டு மணம் பேசினார். 2010இல் ஒலிம்பிக் தங்கமும் வந்தது. பதினைந்து வருடம் ஒன்றாக விழுந்து எழுந்தவர்கள் செய்யும்போது அது யாருக்கும் செயற்கையாகப் படவில்லை. உங்கள் ஜோடி ஒரே சீசன்தான் ஆடியிருக்கிறது என்றால், விமான நிலையத்திலோ காலியான ஓய்வறையிலோ சொல்லட்டும். எங்கே சொன்னாலும் சொன்ன மறுநாள் காலைப் பயிற்சியைக் கட்டாயம் எழுதுங்கள். நேற்றுவரை வேலையாக இருந்த பிடி இன்று என்னவாகிறது, லிஃப்டில் கவனம் சிதறுகிறதா, கோச் கண்டுபிடித்துவிட்டாரா என்று பார்க்க வாசகர் காத்திருப்பார். முத்தத்தோடு முற்றும் போட்டுவிட்டால் அவர் ஏமாந்துபோவார்.

எழுதத் தொடங்கும்போது முதல் அத்தியாயத்தில் உட்காராதீர்கள். ட்ரை-அவுட் காட்சியையும், அந்த மறுநாள் பயிற்சிக் காட்சியையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே ரிங்க், அதே கோச், அதே சுற்று. இரண்டுக்கும் நடுவே எவையெல்லாம் மாறியிருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அத்தியாயம் என்று காலண்டரில் பொருத்தினால் தொடருக்கான திட்டம் தயார்.